மகளின் உண்ணுதல் கோளாறும் யோக சிகிச்சையும்: எப்போது, யாரிடம் தொடங்குவது?

கேள்வி – ஆதம்பாக்கம் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு வயது 19. நகரத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்ற ஆடி மாதம் அவளுக்கு அனோரெக்சியா நெர்வோசா (எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கும் நோய்) இருப்பதாக மனநல மருத்துவர் உறுதிசெய்தார். அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக் காலம் அவள் இளைத்துக்கொண்டே போனதை, பரதநாட்டியப் பயிற்சி அதிகம் என்றும், கல்லூரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், பரீட்சைக் கவலை என்றும் நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம். கல்யாண வீடுகளில் உறவினர்கள் "என்ன இப்படித் துரும்பாகிவிட்டாள்" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர்களேதான் அதற்கு முந்தைய ஆண்டு "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாளே" என்று அவள் காதுபடச் சொன்னவர்கள். மாதவிடாய் நின்று ஏழு மாதம் ஆன பிறகு, மகளிர் மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் மனநல மருத்துவரிடம் போனோம்.

இப்போது மனநல மருத்துவர், உளவியல் ஆலோசகர், டயட்டீஷியன் ஆகிய மூவரும் அவளைப் பார்த்துவருகிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு வேளைச் சிற்றுண்டியும் நான் பரிமாறுகிறேன். அவள் என் எதிரில் அமர்ந்து சாப்பிடுகிறாள். எடை பெருமளவு திரும்பியிருக்கிறது. மாதவிடாய் இரண்டு மாதங்களாக வருகிறது. சென்ற முறை போனபோது, மெதுவான யோகப் பயிற்சியை இனித் தொடங்கலாம் என்றும், ஆனால் ஆசிரியரை நன்றாக விசாரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார்.

நான் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு அருகில் நடக்கும் வகுப்பு என்பதால் சேர்த்துவிட்டேன். ஆசிரியர் நல்ல மனிதர். ஆனால் முதல் நாளே வகுப்பில் இருந்த அனைவரிடமும், பதினைந்து நாள் தொடர்ந்து வந்தால் வயிறு உள்ளே போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். அன்று வீடு திரும்பிய மகளின் முகத்தில் ஓர் ஆண்டாக நான் பார்க்காத ஒளி இருந்தது. மகிழ்ந்துபோனேன். அடுத்த வாரம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு மொட்டை மாடியில் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தால், இருட்டில் தனியாக சூரிய நமஸ்காரம் செய்துகொண்டிருந்தாள். 108 முறை செய்யாமல் கீழே இறங்குவதில்லை என்று தனக்குத் தானே விதித்துக்கொண்டிருக்கிறாள். தடுத்தபோது, "யோகாதானே அம்மா, டாக்டரே செய்யச் சொன்னாரே" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. என் மாமியாரோ, லங்கனம் பரம ஔஷதம் (பட்டினியே சிறந்த மருந்து) என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், யோகாவும் விரதமும் இருந்தால் மாத்திரை எதற்கு என்கிறார்.

வகுப்பை நிறுத்திவிட்டேன். நிறுத்தியது சரிதானா என்று மனம் அடித்துக்கொள்கிறது. யோக சிகிச்சை இந்த நோய்க்கு உண்மையிலேயே துணைசெய்யுமா, செய்யுமென்றால் சென்னையில் எப்படிப்பட்டவரிடம் போக வேண்டும், பாயை விரித்து அமர்வது என் மகளா அவளுடைய நோயா என்பதை ஒரு தாய் எப்படிக் கண்டுகொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

(நெறியாளர்: எடை, கலோரி, உடல் அளவு ஆகியவற்றின் எண்களை இந்த இழையில் யாரும் குறிப்பிட வேண்டாம். நோயிலிருந்து மீண்டுவருபவர்களும் இதைப் படிக்கிறார்கள்.)

பதில் – மயிலாப்பூர் யோக ஆசிரியை

சகோதரி, நிறுத்தியது சரியே. அதில் உங்களுக்குச் சஞ்சலம் வேண்டாம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக யோக சிகிச்சை அளித்துவருகிறேன். உண்ணுதல் கோளாறுள்ள பெண்களை, மனநல மருத்துவரின் கடிதத்தோடு வந்தால் மட்டும், ஏற்றுக்கொள்கிறேன். யோக வகுப்பும் யோக சிகிச்சையும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் இருபது பேருக்கு ஒரே பயிற்சி. சிகிச்சையில் ஒருவருக்கு ஒரு பயிற்சி. அதுவும் அவருடைய நோய், வயது, அன்றைய மனநிலை, வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் கேட்டறிந்த பிறகு எழுதித் தரப்படுவது. சென்னை இந்த வகையில் கொடுத்துவைத்த ஊர். 1950களில் இங்கே வந்து குடியேறிய யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரும், 1976இல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவிய அவர் மகன் தேசிகாச்சாரும், மனிதரை யோகத்துக்கு ஏற்ப வளைக்காமல் யோகத்தை மனிதருக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்பதையே தங்கள் முறையின் அடிப்படையாக வைத்தார்கள். நான் படித்ததும் அந்த வழியில்தான். அங்கேதான் போக வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கே போனாலும், பாயில் உட்காரச் சொல்வதற்கு முன் உட்காரவைத்துப் பேசுகிறார்களா என்று பாருங்கள்.

உங்கள் மாமியார் சொன்ன லங்கனம் என்ற சொல்லை எங்கள் முறையிலும் கையாள்கிறோம். குறைப்பது, இளைக்கச் செய்வது, அடக்குவது என்பது அதன் பொருள். மூச்சை வெளியே விடுவதை நீட்டி, வயிற்றுப் பகுதியை ஒடுக்கிச் செய்யும் பயிற்சிகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அதற்கு எதிர்ப்புறத்தில் பிரம்ஹணம் என்று ஒன்று உண்டு. வளர்ப்பது, நிரப்புவது, ஊட்டுவது என்று அதற்குப் பொருள்; உள்மூச்சு, நெஞ்சு விரிதல், கைகளை உயர்த்துதல், நிமிர்ந்து நிற்றல் ஆகியவை அதில் அடங்கும். பட்டினியால் வற்றிய ஒரு பெண்ணுக்கு மேலும் லங்கனம் கொடுப்பது, வறண்ட நிலத்தில் வடிகால் வெட்டுவதைப் போன்றது. உங்கள் மகளுக்கு வேண்டியது பெரும்பாலும் பிரம்ஹணம்; அதையும் பதற்றத்தைக் கிளப்பாத அளவில், சிறுகச் சிறுகத் தர வேண்டும். மாமியாரிடம் வாதம் செய்யாமல் இதைச் சொல்லிப் பாருங்கள். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மிகுதியாக உண்பவனுக்கும் யோகமில்லை, அறவே உண்ணாதவனுக்கும் யோகமில்லை என்று கிருஷ்ணனே சொல்வதையும் அவர் அறிந்திருக்கக்கூடும். என்னிடம் வரும் பாட்டிமார்கள் மருத்துவரின் சொல்லைவிட இதற்குச் சீக்கிரம் இசைகிறார்கள்.

நான் எப்படித் தொடங்குவேன் என்று சொன்னால் உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கண்ணாடி இல்லாத அறை. முதல் சில வாரங்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே பயிற்சி. பாதங்கள் தரையில் பதிந்திருக்கும். உள்மூச்சோடு கைகள் மேலே வரும், வெளிமூச்சோடு கீழே இறங்கும். ஆறு முறை, அதற்கு மேல் இல்லை. பிறகு வெளிமூச்சில் ஒரு ஒலி: மந்திரம் விரும்புகிறவருக்கு மந்திரம், விரும்பாதவருக்கு வெறும் "ம்" என்ற இசை. கடைசியில் சிறிது நேரம் படுத்திருப்பது. கண்ணை மூடக் கட்டாயமில்லை. மொத்தம் அரை மணி நேரம் போதும். வீட்டுக்கு எழுதித் தரும் தாளில், மற்றவர்களுக்குக் "குறைந்தது இத்தனை முறை" என்று எழுதும் நான், இவர்களுக்கு மட்டும் "இதற்கு மேல் செய்யக் கூடாது" என்று எழுதுகிறேன். எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவதே இந்நோயின் குணம். 108 என்ற எண் கோயிலிலிருந்து வந்தாலும் உங்கள் மகளின் கையில் அது கலோரி கணக்காகிவிட்டது.

நான் தொடவே தொடாதவை சில உண்டு. வேகமாக மூச்சை இறைக்கும் கபாலபாதி, பஸ்திரிகா, வயிற்றை உள்ளிழுத்துச் செய்யும் உட்டியான பந்தம், நௌலி ஆகியவை வேண்டாம். விரைவான சூரிய நமஸ்காரம், வெப்ப அறையில் வியர்க்க வியர்க்கச் செய்யும் வகுப்புகள் வேண்டாம். ஆசிரியர் அனுமதி கேட்காமல் தொட்டுத் திருத்துவது வேண்டாம். "கொழுப்பு கரையும்", "வயிறு குறையும்", "லேசாகிவிடுவீர்கள்" என்ற சொற்கள் அந்த அறையில் ஒலிக்கவே கூடாது. ஓர் ஆசிரியரை முதன்முதலில் சந்திக்கும்போது உங்கள் மகளுக்கு என்ன நோய் என்று சொல்லுங்கள். அவர் உடனே ஆசனம் காட்டத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவர் யார், அவரோடு நான் பேசலாமா என்று கேட்டால் உட்காருங்கள்.

நோயா மகளா என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சியை ஒரு நாள் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். யோகம் செய்பவர் "சரி, நாளைக்குச் செய்கிறேன்" என்பார். நோய் செய்யும் பயிற்சியை நிறுத்தினால் வீட்டில் புயல் அடிக்கும், அல்லது மறைவில் நடக்கும். இருட்டு, தனிமை, எண்ணிக்கை மூன்றும் சேர்ந்திருந்தால் அதை யோகம் என்று எண்ணாதீர்கள்.

பதில் – சோழிங்கநல்லூர் வாசகி

அம்மா, எனக்கு வயது 31. புலிமியாவிலிருந்து (அளவின்றி உண்டுவிட்டு வாந்தியெடுக்கும் நோய்) மீண்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் மகளின் நோய் வேறு வகை என்றாலும் "யோகாதானே அம்மா" என்ற வாக்கியத்தை நானும் என் தாயிடம் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஓஎம்ஆரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வாரயிறுதி யோக முகாம் ஒன்றுக்குப் போனேன். அங்கே உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரைக் குவளை குவளையாகக் குடித்து அதை வாந்தியெடுக்கும் கிரியையைக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளாகக் குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் செய்துவந்ததை வெட்டவெளியில் நாற்பது பேரோடு வரிசையில் நின்று செய்தேன். தூய்மை என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் மீது எனக்கு இன்று கோபம் இல்லை. பதிவுப் படிவத்தில் ரத்த அழுத்தமும் முதுகுவலியும் கேட்டார்களே தவிர இதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, கேட்டிருந்தாலும் நான் உண்மையை எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு எட்டு மாதங்கள் என் நோய்க்கு ஒரு சமஸ்கிருதப் பெயர் கிடைத்துவிட்டது. குற்ற உணர்வு போய்விட்டால் நோய் எவ்வளவு வேகமாக வளரும் என்பதை அந்த எட்டு மாதங்களில் கண்டேன். வமன தௌதி (நான் செய்த அந்த வாந்திக் கிரியை), சங்கப் பிரட்சாளனம் (உப்புநீர் குடித்துக் குடலைக் கழுவுவது) போன்ற எந்த சுத்திகரிப்புக் கிரியையும் உங்கள் மகளின் அருகில் வர விடாதீர்கள்.

மீண்டதும் யோகத்தின் துணையோடுதான் என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறை உளவியல் ஆலோசகர், மாதம் ஒரு முறை மனநல மருத்துவர், ஓராண்டு கழித்து ஒரு யோக சிகிச்சையாளர் என்ற வரிசையில் அது நடந்தது. மேலே ஆசிரியை எழுதியதில் ஒன்றே ஒன்றை மட்டும் என் அனுபவத்திலிருந்து சேர்க்க விரும்புகிறேன். மூச்சைக் கவனி என்று பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்வது வயிற்றைக் கவனி என்றே முடிகிறது. வயிறு எழுகிறது, வயிறு தாழ்கிறது, கையை வயிற்றின் மேல் வை என்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு உலகிலேயே கவனிக்க அஞ்சும் இடம் அதுதான். முதல் வகுப்பில் வயிற்றில் கைவைத்த அரை நிமிடத்தில் அழுதுவிட்டேன். என் சிகிச்சையாளர் அதோடு அதை விட்டுவிட்டு, பாதத்துக்குப் போனார். தரையின் குளிர்ச்சி குதிகாலில் தெரிகிறதா, கட்டைவிரலில் தெரிகிறதா என்று மட்டும் மூன்று வாரங்கள் கேட்டார். பிறகு உள்ளங்கை, பிறகு முதுகு. வயிற்றுக்கு வந்து சேர ஐந்து மாதங்கள் ஆயின.

வந்து சேர்ந்தபோது எனக்கு நேர்ந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அலுவலகப் பேருந்தில், மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் பசித்தது. பதற்றமில்லை, வெறியில்லை, வெறும் பசி. பதினாறு வயதுக்குப் பிறகு நான் பசியைப் பசியாக உணர்ந்தது அன்றுதான். வீட்டுக்குப் போய் இரண்டு தோசை சாப்பிட்டேன்; போதும் என்று தோன்றியது; அதையும் உணர முடிந்தது. யோகம் எனக்குச் செய்தது இதுதான். சாப்பிடவைத்தது டயட்டீஷியனின் அட்டவணை, வாந்தியை நிறுத்தியது ஆலோசகரோடு செய்த வேலை. உடலிலிருந்து வரும் குரல் மறுபடி காதில் விழச் செய்தது யோகம்.

இன்னொன்று. எனக்குச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தைவிடச் சாப்பிட்ட பின் வரும் ஒரு மணி நேரமே கடினமாக இருந்தது. அந்த நேரத்தில் ஆசனம் எதுவும் செய்யாமல், என் தங்கையோடு கூடத்தில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, வெளிமூச்சில் மெல்ல ஒலி எழுப்பியபடி இருப்பேன். தங்கை அதே நேரத்தில் பூக்கட்டுவாள். அவள் ஒரு வார்த்தையும் கேட்காமல் உடன் இருந்தது எனக்கு எந்தப் பயிற்சியிலும் குறைந்த உதவி அல்ல.

பதில் – பெரம்பூர் மருத்துவர்

அம்மா, நான் பொது மருத்துவன். மனநல மருத்துவன் அல்லன். ஆனாலும் இந்நோயாளிகள் மயங்கி விழுந்தால் முதலில் வருவது எங்களிடம்தான் என்பதால் உடல் சார்ந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

நீண்ட பட்டினியில் உடல் செலவைக் குறைத்துக்கொள்ளும்; இதயத் துடிப்பு மெதுவாகும். பகலில் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 50க்கும் கீழே நாடி இருந்தால், இந்நோயுள்ள வளரிளம் வயதினரை மருத்துவமனையில் சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டிய நிலை அது. அதே மெதுவான நாடியை, யோகிகளின் நாடி என்று ஓர் ஆசிரியர் பாராட்டியதை ஒரு நோயாளியின் தந்தை என்னிடம் பெருமையாகச் சொன்னார். படுத்த நிலையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றும். ஆகவே சவாசனத்திலிருந்து ஒருக்களித்து, உட்கார்ந்து, பிறகே எழ வேண்டும். மாதவிடாய் பல மாதம் நின்றிருந்தால் எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கக்கூடும். மெலிந்த உடல் எளிதாக மடிகிறது என்பதற்காக முதுகை வளைத்து முன்புறம் அழுந்தக் குனியும் ஆசனங்களைத் தரக் கூடாது.

கபாலபாதி வேண்டாம் என்று ஆசிரியை சொன்னதற்கு உடலியல் காரணமும் உண்டு. அடிக்கடி வாந்தியெடுப்பவர்களின் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, காரத்தன்மை கூடியிருக்கும். வேகமாக மூச்சை இறைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி அந்தக் காரத்தன்மை இன்னும் கூடும். பொட்டாசியமும் பாஸ்பேட்டும் மேலும் இறங்கும். இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு அது போதும். உணவை மீண்டும் தொடங்கிய முதல் வாரங்களில் பாஸ்பேட் ஏற்கெனவே சரியக்கூடிய நிலையில் இருக்கும் என்பதால், வாந்தியே இல்லாத அனோரெக்சியா நோயாளிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். எந்தப் பயிற்சிக்கும் முன்னால் நாடி, படுத்தும் நின்றும் எடுத்த ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் உப்புகளின் அளவு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் மனநல மருத்துவர் பார்த்திருப்பார். ஆனால் விடியற்காலை 108 நமஸ்காரம் பற்றி அவருக்குத் தெரியாது. அதை இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

யோகம் உண்மையில் துணைசெய்யுமா என்று கேட்டீர்கள். ஆய்வுகள் சிறியவை; ஆனால் வெறுங்கையாக இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 21 வயது வரையிலான 50 பெண்களும் 4 ஆண்களும் இடம்பெற்றனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்; மறு பிரிவுக்கு அதோடு 8 வாரங்கள் தனித்தனியாக யோகப் பயிற்சி. 12ஆம் வாரத்தில் யோகம் செய்த பிரிவினரின் நோய்க்குறிகள் குறைந்திருந்தன; மற்றப் பிரிவினர் சற்றே முன்னேறிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருந்தனர். ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் உணவைப் பற்றிய ஓயாத எண்ணம் தணிந்தது. இரு பிரிவிலும் எடை குறையவில்லை என்பதை நான் அடிக்கோடிட்டுச் சொல்வேன், ஏனெனில் மருத்துவர்களின் முதல் அச்சமே அதுதான். 2017இல் வந்த மற்றோர் ஆய்வில், மருத்துவ விடுதியில் தங்கியிருந்த 38 பேரில் ஒரு பகுதியினருக்கு 5 நாட்கள் இரவு உணவுக்கு முன் யோகம் தரப்பட்டது. உணவுக்கு முன்பு வரும் மனவேதனை அவர்களுக்குக் குறைந்தது. சாப்பிட்ட பிறகு அந்தப் பயன் மங்கிவிட்டது. சோழிங்கநல்லூர் சகோதரி தமக்குச் சாப்பிட்ட பின் வரும் ஒரு மணி நேரமே கடினம் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

இவை எல்லாமே சிகிச்சையோடு சேர்த்துச் செய்த யோகம். சிகிச்சைக்குப் பதிலாகச் செய்ததற்கு ஆதரவாக நான் எதையும் சுட்ட மாட்டேன். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரங்கள் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு உடல் பற்றிய பயம் ஏதும் கிடையாது. ஆனாலும் சில வாரங்களில் உணவைத் தவிர வேறு நினைவற்றுப்போய், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிச்சலும் சோர்வும் அடைந்தார்கள். பசித்த மூளை அப்படித்தான் இயங்கும். அதை மூச்சுப் பயிற்சியால் அமைதிப்படுத்த முயல்வது வீண். முதலில் சோறு, பிறகே மூச்சு. உங்கள் மகள் அந்த முதல் படியைப் பெருமளவு கடந்துவிட்டதால்தான் மருத்துவர் இப்போது யோகத்துக்கு இசைந்திருக்கிறார்.

பதில் – வில்லிவாக்கம் தந்தை

இந்நோய் பெண்களுக்கு மட்டும் என்று எண்ணி நாங்கள் ஓராண்டை இழந்தோம். எங்கள் மகன் உடற்பயிற்சிக் கூடத்தில் தொடங்கி, சோற்றை விட்டு, எண்ணெயை விட்டு, கடைசியில் எங்களோடு அமர்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டான்.

பணவசதி இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில்தான் காட்டினோம். ஊர்ப்பெயரையே கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோமே என்று முதலில் தயங்கினேன். போன பிறகு அந்தத் தயக்கத்துக்கு வெட்கப்பட்டேன். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். யோகத்துக்கு அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. இயற்கை மருத்துவத்தில் உபவாசமும் பழச்சாறு உணவும் சிகிச்சை முறைகளாக இருப்பதால், எங்கே போனாலும் நோயின் பெயரை வாயிலிலேயே சொல்லிவிடுங்கள், உணவு அட்டவணையை மாற்றக் கூடாது என்ற மனநல மருத்துவரின் கடிதத்தையும் காட்டுங்கள்.

மறுமொழி – ஆதம்பாக்கம் அம்மா

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடி அன்று மாலையே மனநல மருத்துவருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். மறுநாள் வரச்சொல்லி ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். இதயத்தில் குறையில்லை, பொட்டாசியம் மட்டும் விளிம்பில் இருந்தது. மொட்டை மாடிச் சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மகளிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு நாட்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு அவளாகவே வந்து, அந்த 108ஐத் தன்னால் நிறுத்த முடியாமல் போய்விட்டது என்றும், எண் முடியும்வரை மூச்சு முட்டினாலும் இறங்க முடியவில்லை என்றும் சொல்லி அழுதாள். சோழிங்கநல்லூர் மகளே, நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மத்திய கைலாஷ் சிக்னல் வரும் இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள்.

ஒரு யோக சிகிச்சையாளரைப் போய்ப் பார்த்தோம். ஒரு மணி நேரம் பேசினார், ஓர் ஆசனமும் காட்டவில்லை, மருத்துவரின் எண்ணை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் மாலை ஐந்து மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார். நான்கு மணிக்கு அவளுடைய சிற்றுண்டி நேரம். யோகத்துக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பார்களே, அன்று சிற்றுண்டியைத் தள்ளிவைக்கலாமா? வகுப்பில் நானும் உடன் அமர வேண்டுமா?

மறுமொழி – மயிலாப்பூர் யோக ஆசிரியை

சிற்றுண்டியைத் தள்ளிவைக்காதீர்கள், சகோதரி. வெறும் வயிறு என்ற விதி வயிற்றை ஒடுக்கும் ஆசனங்களுக்கும் பந்தங்களுக்கும் உரியது. நாற்காலியில் அமர்ந்து கையை உயர்த்துவதற்கு அது வேண்டியதில்லை. "யோகாவுக்காக இன்று சாப்பிடவில்லை" என்ற வாக்கியத்துக்கு இடம் கொடுத்தால் அடுத்த வாரம் அது மதிய உணவுக்கும் வரும். நான்கு மணிக்கு வழக்கமாகத் தருவதையே தாருங்கள். அந்தச் சிகிச்சையாளரிடம் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள் என்று சொல்லிவிடுங்கள். அவர் பயிற்சியை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார். உங்கள் மருத்துவர் பொட்டாசியத்தை மறுபடி பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே முதல் வகுப்பு இருக்கட்டும், ஒரு வாரம் தள்ளிப்போனாலும் நட்டமில்லை.

உடன் அமர்வதை உங்கள் மகளிடமே கேளுங்கள். பெரும்பாலான பெண்கள் அம்மா வெளியே இருக்கட்டும் என்கிறார்கள். அப்படிச் சொன்னால் வருந்தாதீர்கள். திரும்பும் வழியில் இன்று என்ன செய்தாய், எத்தனை முறை செய்தாய் என்று கேட்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர நேரமாகும் என்றால் ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள்.